நிறுத்தும் கட்டளையை நீக்கியவன்

என் தம்பியை, அவன் வேலை பார்க்கும் இடத்திலேயே, நாலு பேர் பார்க்க, என் கொழுந்தன் குழாய் திருகும் ஸ்பேனரால் அடித்தான். அந்த அடி எனக்கு விழ வேண்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்துவிட்டு அப்புறம் மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை நான். அன்றைக்கு மறைத்தேன், அது வேறு. அந்தக் கேவலத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

தம்பி பிறந்ததிலிருந்தே அடி வாங்கினவன். எங்கள் அப்பா லாரி மெக்கானிக். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் நம்பியதில்லை. ஃபேன் பெல்ட், செருப்பு, ஒருமுறை கார் கதவின் கைப்பிடி என்று எது கிடைக்கிறதோ அதால் அடிப்பார். எதற்கு என்று சொல்ல மாட்டார். பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருப்பான், பின்னாலிருந்து விழும். ஏழு வயதில் ஒருநாள், மூக்கிலிருந்து ரத்தம் தட்டில் சொட்ட, "சொல்லிட்டு அடிங்கப்பா" என்றான். அதற்கு இன்னும் இரண்டு விழுந்தது. நான் குறுக்கே பாய்ந்து அப்பாவின் முழங்கையைக் கடித்தேன். அவர் என்னைச் சுவரோடு வீசினார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் மேல் கை ஓங்கினால் நடுவில் நான் இருப்பேன். என் புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று இன்றும் உண்டு. பயமா? அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே அப்போது தெரியாது.

அப்படி வளர்ந்தவன், சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு ஆளானான். பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தக்கூட முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சாத்துவான். இவனுக்குப் போய் வாய்த்த வேலையைப் பாருங்கள்: வெட்டுவது. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் மொழிகளில் ஒன்றைப் பராமரிக்கிற ஐந்து பேரில் அவன் ஒருவன். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். மொழியோடு கூடவே ஆயிரக்கணக்கான ஆயத்தக் கட்டளைகள் வரும். அதை லைப்ரரி என்பார்கள். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அதை எடுத்துத் தங்கள் புரோகிராமில் போட்டுக்கொள்வார்கள். அதில் ஆபத்தானது எது என்று பார்த்து, இனி இதைத் தொடாதே என்று முத்திரை குத்தி, சில வருடம் எச்சரித்து, அப்புறம் நீக்குவது இவன் பொறுப்பு. ஆபீஸில் இவனுக்கு வைத்த பட்டப்பெயர் கத்திரி.

"உனக்கா கத்திரின்னு பேரு? நகம் வெட்டவே அழுவியேடா!" என்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவன் கைக்கு முதலில் வந்ததே ஒரு கொலைகாரக் கட்டளைதான். ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு வேலை இன்னொரு வேலையை, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டலாம். 'நிறுத்து' என்பதுதான் கட்டளை.

"இதுல என்னடா ஆபத்து? நிறுத்துன்னா நிக்கணும், அவ்வளவுதானே?"

"அக்கா, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிட்டு நீ நடந்து வர்றே. பின்னாடி வந்து உன் மண்டையில ஒரு கட்டையால போட்டா நீ நிப்பே. சட்டி?"

"அடப்பாவி!"

"அதான். 'நில்லு'ன்னு சொன்னா நீ சட்டியைக் கீழே வெச்சுட்டு நிப்பே. புதுசா நாங்க கொடுத்திருக்கிற கட்டளை அந்த மாதிரி."

யாராவது பழைய கட்டளையைப் பயன்படுத்தினால் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை ஓடும். அந்த வாசகத்தை எழுதியது அவன்தான். ஒரு வாரம் உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினான். போனில் எனக்குப் படித்துக் காட்டினான். இந்தக் கட்டளை ஆபத்தானது, இது நீக்கப்படும், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். தயவுசெய்து முன்னால் வரணுமா பின்னால் வரணுமா என்று ஐந்து தடவை கேட்டான். "போதும்டா, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறே?" என்று போனை வைத்தேன்.

ஆறு வருடம் அந்த எச்சரிக்கை ஓடியது. மாற்றிக்கொண்டவர்கள் மாற்றிக்கொண்டார்கள். மாற்றாதவர்கள் அவனுக்குக் கடிதம் எழுதினார்கள். "கட்டளை மேல கை வெச்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்று ஒருவன். "உன் வீடு எங்கேன்னு தெரியும்" என்று இன்னொருவன். இந்தக் கிறுக்கன் எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுவான். ஏன்டா இப்படி என்றால், "ஊதுற சங்கை ஊதி வைப்போம் அக்கா, விடியுறப்ப விடியட்டும்" என்பான்.

இனி என் கதை. என் வீட்டுக்காரருக்குத் தகடு பட்டறை. ஸ்விட்ச் பெட்டிக்கு மூடி அடிப்போம். அவர், அவர் தம்பி, நான். ஒரே ஒரு பிரஸ். மேல் அச்சு இறங்கித் தகட்டை மடிக்கும். அச்சுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு இருக்கும். கை அதைத் தாண்டினால் அச்சு அந்தரத்தில் நின்றுவிடும். அந்தப் புரோகிராமை ஒரு கம்ப்யூட்டர்க்காரர் எழுதிக் கொடுத்தார். தம்பி பராமரிக்கிற அதே மொழி. அச்சை நிறுத்த அவர் போட்டிருந்தது அந்தக் கொலைகாரக் கட்டளை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எந்த மொழியில் எழுதினால் என்ன, மூடி வந்தால் சரி என்று இருந்தோம்.

ஒவ்வொரு முறை அச்சு நிற்கும்போதும் திரையில் மஞ்சளாக நாலு வரி ஓடும். எத்தனை மூடி அடித்தோம் என்று காட்டுகிற எண் அதில் மேலே ஏறி மறைந்துபோகும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர்க்காரரைப் பிடித்தேன்.

"இந்த மஞ்சக் கருமத்தை எடுத்துத் தொலைங்க சார்."

"அது எச்சரிக்கை அக்கா. படிச்சுப் பாத்தீங்களா?"

"படிச்சா தகடு தானா மடங்கிடுமா?"

அவர் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். மஞ்சள் போயே போய்விட்டது. என் கூடப் பிறந்தவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வாசகம் இரண்டு வருடம் என் மூக்குக்கு முன்னால் ஓடியிருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் படிக்கவில்லை.

தப்பு என்னோடது மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். பிரஸ்ஸுக்கு முன்னால் இரும்புக் கூண்டு ஒன்று இருந்தது. வேலை இழுக்கிறது என்று என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிப் பரணில் போட்டார். கம்ப்யூட்டர் தினமும் 'அப்டேட் பண்ணட்டுமா, அப்டேட் பண்ணட்டுமா' என்று நச்சரிக்க, ஒரு திங்கட்கிழமை கொழுந்தன் "பண்ணித் தொலை" என்று அமுக்கினான். அந்த அப்டேட்டில்தான் என் தம்பி கட்டளையை நீக்கியிருந்தான்.

மறுநாள் பகல் பதினொரு மணி. ஒரு தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததுபோல வலது கையை உள்ளே விட்டு அதை நேராக்கினார். ஒளிக்கோடு அறுந்தது. கோட்டைக் காவல் காக்கும் வேலை, நிறுத்தும் கட்டளையைக் கூப்பிட்டது. அப்படி ஒன்று இப்போது கிடையாது என்று பதில் வந்தது. காவல் வேலை சிவப்பாக ஒரு பிழையைக் காட்டிவிட்டுச் செத்தது. அச்சை இறக்கும் வேலை தன்பாட்டுக்கு இறக்கியது. எனக்குக் கேட்டது வழக்கமான தகடு மடிகிற சத்தம்தான், கொஞ்சம் ஈரமாக. அதற்கப்புறம்தான் அவர் அலறினார்.

ஓடிப் போய் மெயினை அணைத்தேன். அணைத்தால் அச்சு நிற்குமே தவிர ஏறாது. கொழுந்தன் ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து, "அண்ணா, அண்ணா" என்று கதறிக்கொண்டே நெம்பினான். நான் அவரை இடுப்போடு பிடித்து இழுத்தேன். கை வந்தது. நாலு விரல் தகட்டோடு மடிந்து அங்கேயே இருந்தன. கட்டைவிரல் மட்டும் கையில் துடித்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் தகட்டைப் பிரித்து விரல்களை எடுத்துத் துணியில் சுற்றினான், ஒட்ட வைப்பார்கள் என்று. டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்.

அடுத்த நாள் காலை கம்ப்யூட்டர்க்காரர் பட்டறைக்கு வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்துற கட்டளையையே எடுத்துட்டாங்க" என்றார்.

"யாரு எடுத்தது?" கொழுந்தன் கேட்டான்.

யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியல் ஒன்று எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். அதை எடுத்துக் காட்டினார். கொழுந்தன் குனிந்து படித்தான். நிமிர்ந்தான்.

"அண்ணி, இது உங்க தம்பி பேரு."

"ஆனா எச்சரிக்கைன்னு ஒண்ணு..." என்று கம்ப்யூட்டர்க்காரர் ஆரம்பித்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். எங்கள் அப்பாவின் பார்வை அது, எனக்கே தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டார். "மொத்தப் புரோகிராமையும் உங்க தம்பிக்கே அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுவாரு" என்று முணுமுணுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"அப்பா அம்மா இல்லாத எனக்குச் சோறு ஊட்டின கை அண்ணி அது" என்றான் கொழுந்தன். சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பேனரை உருவிக்கொண்டு பைக்கை உதைத்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் புத்தியோடுதானே நின்றேன்? என்னத்தைக் கிழித்தேன்? "நில்லுப்பா, மஞ்சளை எடுக்கச் சொன்னது நான்" என்ற ஐந்து வார்த்தை. அது வரவில்லை. ஒரு வண்டியைப் பிடித்து அவன் பின்னாலேயே போனேன். தடுக்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

நான் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது கொழுந்தன் உள்ளே நின்றிருந்தான். ஆபீஸ் மேடம், தம்பியின் மேலதிகாரி, கையில் தண்ணீர் பாட்டிலோடு உறைந்து நின்றாள். இன்னும் மூன்று பேர் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"நீதான் எடுத்தியா?"

"நான்தான். மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

முதல் அடி இடது தோளில். எலும்பு முறிகிற சத்தம் கதவருகே எனக்குக் கேட்டது. தம்பி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திரும்ப வை அதை!"

"முடியாது."

இரண்டாவது அடி விலாவில். தம்பி மடங்கினான், ஆனால் பேசினான். "அது இருந்தாலும் ஒருநாள் போயிருக்கும். அச்சை இறக்குற வால்வைத் திறக்கிறப்ப அந்த வேலையைச் சாகடிச்சா வால்வு திறந்தபடியே கிடக்கும். அச்சு நிக்கவே நிக்காது..."

மூன்றாவது அடி வாயில். பல்லும் ரத்தமும் கீபோர்டில் தெறித்தன. அப்போது தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அப்பாவின் கைக்குக் கீழிருந்து பார்ப்பானே, அதே பார்வை. இதோ அக்கா வந்துவிடுவாள் என்ற பார்வை.

அவனுக்குப் பின்னால் திரையில் எங்கள் பட்டறையின் புரோகிராம் திறந்திருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வரியை எதற்கு எழுதினோம் என்று நடுநடுவே சாதாரணப் பேச்சில் ஒரு குறிப்பு வைப்பார்கள். என் கண்ணுக்கு அது தெரிந்தது: 'எச்சரிக்கை மறைக்கப்பட்டது. பட்டறை அக்கா சொன்னதால்.' தேதியும் இருந்தது. தம்பி அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கொழுந்தன் நுழைந்திருக்கிறான். உடையாத கையைத் தம்பி திரைப் பக்கம் நீட்டினான். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் திரையை அணைத்தான்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது அடி இடது காதில் விழுந்தது. தம்பி நாற்காலியோடு சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. கொழுந்தன் ஐந்தாவதற்கு ஸ்பேனரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

"எச்சரிக்கை வந்துச்சு! ரெண்டு வருஷம் வந்துச்சு! எடுக்கச் சொன்னது நான்!"

அது என் குரல் மாதிரியே இல்லை. கொழுந்தன் திரும்பினான்.

"என்ன சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவியது. நடந்து வந்தான். கையால்தான் அடித்தான், ஒரே அடி. என் முகம் கண்ணாடிக் கதவில் மோதியது. இரண்டு பல் போனது. வெட்கங்கெட்டுச் சொல்கிறேன், அந்த அடி விழுந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் மறுபடி கையை ஓங்கினான், பாதியில் நிறுத்தினான், "அப்டேட் அமுக்கினது நான்தானே?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டான். பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு ஊளையிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பழி சுமந்தவன் நாற்காலிக்கு அடியில் கிடந்தான்.

மேடம் தம்பிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "திரும்ப வெச்சுடலாம்பா. ஒரு வருஷத்துக்காவது வெச்சுடலாம். ஆளையே கொன்னுடுவாங்க போல இருக்கே!"

தம்பி வாயிலிருந்ததைத் துப்பினான். "வைக்கக் கூடாது மேடம்" என்றான். அதோடு நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் என் வீட்டுக்காரர், நாலாம் மாடியில் தம்பி, போலீஸ் லாக்கப்பில் கொழுந்தன். மூன்று இடத்துக்கும் சாப்பாடு தூக்கிக்கொண்டு பொக்கை வாயோடு ஓடினேன். என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கூண்டைக் கழட்டினது நான்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பதினோராம் நாள்தான் தம்பிக்கு வாயைத் திறந்து பேச முடிந்தது. வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் பேசியது முழுக்க அந்தக் கட்டளையைப் பற்றி.

"என் மேலேயும் தப்பு இருக்கு அக்கா. நான் பேரை விட்டுவெச்சேன்."

"என்ன பேரு?"

"கட்டளையோட பேரு. அதையும் சேத்து எடுத்திருந்தா உங்க புரோகிராம் அன்னிக்குக் காலையில ஆரம்பிச்சே இருக்காது. என்னைத் திட்டிக்கிட்டே போன் பண்ணியிருப்பே. பழைய புரோகிராம் எல்லாம் ஒரே நாள்ல படுத்துடக் கூடாதேன்னு பேரை விட்டுட்டு உள்ளே இருந்ததை மட்டும் எடுத்தேன். அதனால எல்லாம் ஓடுச்சு. நிறுத்த வேண்டிய நேரம் வர்ற வரைக்கும் ஓடுச்சு. இரக்கம் பாத்தேன் அக்கா, மாமா விரல் போச்சு."

படுத்த படுக்கையிலிருந்தே மேடத்திடம் சொல்லிப் பேரையும் எடுக்க வைத்துவிட்டான். எங்கெங்கோ மெஷின்கள் காலையிலேயே நின்றன. முன்பைவிட மூன்று பங்கு வசவு வந்தது. "நிக்கிற மெஷின் யார் கையையும் நசுக்காது, திட்டிட்டுப் போகட்டும்" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சுடுடா" என்றேன்.

"மஞ்சளை மறைச்சதுக்கா? எல்லாரும்தான் மறைக்கிறாங்க. அடிச்சவன் மேலேயும் கோவம் இல்லை, அவன் அண்ணன் கை போச்சு." வாய்த் தையல் இழுக்க, கொஞ்சம் நிறுத்தினான். "அப்பாவையே கடிச்சவ நீ. அங்க ஏன் நின்னே?"

"பயந்துட்டேன்டா."

"அப்பாவுக்கே பயப்படலையே?"

பொய் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்பெல்லாம் தப்பு என் மேல இல்லையே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையை உருவிக்கொண்டு, வலது காதைத் தலையணையில் அழுத்தி, கண்ணை மூடினான். நான் நிறையப் பேசினேன், அழுதேன், அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது.